மார்ஃபின் ஊசிமருந்து

மார்ஃபின் ஊசிமருந்து என்பது கடும் வலியைத் தணிப்பதற்காக ஊசி மூலம் உடலினுள் செலுத்தப்படும் மார்ஃபின் உப்பின் கரைசல் ஆகும். மார்ஃபின் (மோர்பின் என்றும் எழுதப்படுவதுண்டு) கசகசாச் செடியின் முற்றாத காய்களிலிருந்து வடியும் பாலாகிய அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஒரு காரப்போலி. அறுவைச் சிகிச்சைக்குப் பின், பெருங்காயங்களின்போது, மாரடைப்பின்போது, முற்றிய புற்றுநோயின்போது ஏற்படும் வலிக்கு இது பயன்படுத்தப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதலாவது இன்றியமையா மருந்துகள் பட்டியலிலேயே மார்ஃபின் இடம்பெற்றது.

இம்மருந்தைப் பற்றிப் பொதுமக்களிடம் உள்ள அச்சம் பெரும்பாலும் அடிமையாதல் தொடர்பானது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் உள்ள நோயாளிக்கு உடனடி ஆபத்து அதுவன்று, மூச்சு ஒடுங்குதலே ஆகும். அதுவும் பெரும்பாலும் மருந்தின் இயல்பால் மட்டும் நேர்வதில்லை. அளவைத் தவறாக எழுதுதல், செறிவைத் தவறாகப் படித்தல், முதல் ஊசியின் வேலை முடியுமுன் அடுத்ததைப் போடுதல், போட்டபின் கவனிக்காதிருத்தல் ஆகியனவே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணமாகின்றன. இவை யாவும் தவிர்க்கக்கூடியவை. சரியாகக் கையாளப்பட்டால் மார்ஃபின் ஊசி நம்பத்தக்க வலிநீக்கிகளுள் ஒன்றாகும்.

வரலாறு

செருமானிய மருந்தாளரான பிரீட்ரிக் செர்ட்டூர்னர் 1804-05 காலத்தில் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். கிரேக்கத் தொன்மத்தில் கனவுகளின் தெய்வமான மார்ஃபியசின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரிட்டார். 1817-இல் வெளியான இவரது கட்டுரையில் ஒரு சோதனை விவரிக்கப்பட்டுள்ளது. அவரும் மூன்று இளைஞர்களும் அரை கிரெயின் (சுமார் 30 மி.கி.) அளவு மார்ஃபினை உட்கொண்டனர். அரை மணி நேரத்தில் மீண்டும் அரை கிரெயின், பின்னர் சற்று நேரத்தில் மற்றுமோர் அரை கிரெயின் எடுத்துக்கொண்டனர். முதல் அளவின் முழு விளைவு தெரியுமுன்பே மூன்றாவதும் உள்ளே சென்றுவிட்டது. அனைவரும் நினைவு மங்கி வீழும் நிலைக்கு வந்தபின், புளிக்காடி குடித்து வாந்தியெடுத்துத் தப்பினர். மார்ஃபினை முதன்முதலில் பிரித்தவரே அதன் முதல் மிகையளவு விபத்தையும் பதிவு செய்தவர் ஆனார். அன்று அவர் செய்த பிழை, அதாவது அளவின்மேல் அளவை அடுக்குதல், இன்றும் மருத்துவமனைகளில் நிகழ்கின்ற பிழையாகும்.

அயர்லாந்து மருத்துவரான பிரான்சிசு ரிண்டு 1844-இல் டப்ளின் நகரில் உள்துளை கொண்ட ஊசியின் வழியே மார்ஃபின் கரைசலைத் தோலுக்கடியில் செலுத்தி நரம்புவலிக்குச் சிகிச்சை அளித்தார். 1853-இல் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் உட் என்பவர் சிரிஞ்சையும் ஊசியையும் இணைத்து இம்முறையைப் பரப்பினார். மருந்து குத்தப்பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது என்று உட் கருதினார். அது குருதியில் கலந்து உடல் முழுவதும் செயல்படுகிறது என்பதை இலண்டனைச் சேர்ந்த சார்லசு அண்டர் சில ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார்.

மருந்து வயிற்றின் வழியே செல்லாததால் அபினைப் போன்ற வேட்கை உண்டாகாது என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் நிலவியது. இது முற்றிலும் தவறு. ஆங்கிலேய மருத்துவர் கிளிஃபர்டு ஆல்பட் 1870-இல் இதுகுறித்து எச்சரித்தார். பெர்லினில் எட்வர்டு லெவின்சுடைன் 1877-இல் மார்ஃபின் அடிமைநிலை பற்றித் தனி நூலே எழுதினார்.

போர்க்களத்தில் மார்ஃபின்

பாதுகாப்பான பயன்பாடு குறித்த முக்கியமான பாடம் ஒன்று இரண்டாம் உலகப்போரில் கிடைத்தது. அமெரிக்கப் படையின் மருத்துவ உதவியாளர்களிடம் பற்பசைக் குழாயைப் போன்ற சிறு உலோகக் குழாய்கள் வழங்கப்பட்டிருந்தன. சிரெட்டு எனப்பட்ட இவற்றை சுகுவிப் நிறுவனம் தயாரித்தது. ஒவ்வொன்றிலும் அரை கிரெயின் மார்ஃபின் இருந்தது. இது இன்று ஊசி வழியாக முதல்முறை கொடுக்கப்படும் வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு ஆகும். குழாயைப் பிதுக்கித் தோலுக்கடியில் செலுத்தியபின், காலிக் குழாயைக் காயம்பட்டவரின் சட்டைக் கழுத்தில் குத்தி வைப்பது வழக்கம். அடுத்துப் பார்ப்பவர் ஏற்கெனவே மருந்து கொடுக்கப்பட்டதை அறிந்துகொள்வதற்காகவே இந்த ஏற்பாடு. எழுதத் தாளோ நேரமோ இல்லாத இடத்தில் இதுவே மருந்துப் பதிவேடாக இருந்தது.

ஆனால் இது மட்டும் போதவில்லை. இத்தாலியில் படையுடன் பணியாற்றிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் என்றி பீச்சர், தாமதித்து வரும் மார்ஃபின் நச்சேற்றம் பற்றி 1944-இல் எழுதினார். குளிரிலும் குருதி இழப்பிலும் வாடும் வீரரின் தோலுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும். தோலடியில் போட்ட மருந்து உறிஞ்சப்படாமல் அங்கேயே தங்கிவிடும். வலி தணியாததைக் கண்டு இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் போடப்படும். பின்னர் முகாமில் அவரைக் கதகதப்பாக்கி இரத்தம் ஏற்றியதும் தோலுக்கு இரத்த ஓட்டம் மீளும். தங்கியிருந்த மருந்து முழுவதும் ஒருசேரக் குருதியில் கலந்து, காப்பாற்றப்பட்டதாக எண்ணிய வேளையில் மூச்சை நிறுத்திவிடும். அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்குத் தோலடியிலோ தசையிலோ மார்ஃபின் போடாமல், சிறு அளவுகளாகச் சிரைவழியே கொடுக்க வேண்டும் என்ற இன்றைய விதிக்கு அடிப்படை இதுவே.

செயல்படும் விதம்

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மியூ ஏற்பிகளுடன் மார்ஃபின் இணைகிறது. இவ்வேற்பிகள் இருப்பது 1973-இல் ஆய்வகங்களில் காட்டப்பட்டது. உடலே சுரக்கும் இத்தகைய பொருள்கள் (என்கெபலின்கள்) 1975-இல் கண்டறியப்பட்டன. வலிச் செய்தி தண்டுவடத்தில் மேலேறுவதை மார்ஃபின் தடுப்பதோடு, மேலேறிய வலியின் துன்பத்தையும் மழுங்கச் செய்கிறது. "வலி இருக்கிறது, ஆனால் என்னைத் தொந்தரவு செய்யவில்லை" என்று நோயாளிகள் கூறுவது இதனாலேயே.

அதே ஏற்பிகள் மூளைத்தண்டில் மூச்சை நெறிப்படுத்தும் பகுதியிலும் உள்ளன. இயல்பாக, குருதியில் கரியமில வாயு கூடும்போது மூளைத்தண்டு அதனை உணர்ந்து மூச்சை விரைவாக்கும். மார்ஃபின் இந்த உணர்வை மந்தமாக்குகிறது. வலிதணிப்பையும் மூச்சு ஒடுக்கத்தையும் ஒரே வகை ஏற்பி நடத்துவதால், ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பெற முடிவதில்லை. இரண்டுக்கும் இடையே அளவில் ஓர் இடைவெளி உண்டு. பாதுகாப்பான பயன்பாடு என்பது அந்த இடைவெளிக்குள் நிற்பதே.

மார்ஃபின் கல்லீரலில் மாற்றமடைந்து சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. மாற்றத்தின்போது உண்டாகும் மார்ஃபின்-6-குளுக்குரோனைடு என்ற பொருளும் வலிதணிக்கும் ஆற்றலும் மூச்சை ஒடுக்கும் ஆற்றலும் உடையது. சிறுநீரகம் பழுதுற்றவரிடம் இது வெளியேறாமல் நாள்கணக்கில் சேரும். முதல் நாள் பொருந்திய அளவு மூன்றாம் நாள் மிகையளவாக மாறுவது இவ்வாறே. இத்தகையோருக்கு அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவர், அல்லது ஃபென்டனில் போன்ற வேறு மருந்தைத் தேர்வர்.

செலுத்தும் வழிகளும் அளவும்

இப்பகுதியில் தரப்படும் அளவுகள் மருத்துவ நடைமுறையை விளக்குவதற்கானவை. குறிப்பிட்ட ஒருவருக்கான அளவை அவரை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய இயலும்.

முன்பு அபினி வகை மருந்துகளை எடுத்துக்கொள்ளாத வளர்ந்தவருக்குச் சிரைவழியே 2 முதல் 3 மி.கி. வரை மெதுவாகக் கொடுத்து, சில நிமிடங்கள் பொறுத்து, வலியையும் விழிப்பையும் பார்த்தபின் மீண்டும் அதே அளவைக் கொடுப்பது வழக்கம். தசைவழியாகவோ தோலடியிலோ எனில் 5 முதல் 10 மி.கி. வரை நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்கப்படும். முதியோருக்கு இதிலும் குறைவாகவே தொடங்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளின் கல்லீரலும் சிறுநீரகமும் முதிராதவை ஆகையால் அவர்களுக்கு எடைக்கேற்ற மிகச் சிறிய அளவும் இடைவிடாக் கண்காணிப்பும் தேவை.

சிரைவழி கொடுத்தாலும் மார்ஃபின் மூளைக்குள் மெதுவாகவே நுழைகிறது. வலி சில நிமிடங்களில் தணியத் தொடங்கினாலும் உச்ச விளைவு ஏற்படச் சுமார் 20 நிமிடங்கள் ஆகலாம். தசைவழியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வலியால் துடிப்பவர் அருகில் நிற்பவருக்கு இந்த 20 நிமிடங்கள் மிக நீண்டதாகத் தோன்றும். ஊசிகள் அடுக்கப்படுவது இந்த இடைவெளியில்தான். கடைசி ஊசிக்குப் பிறகு வலி அடங்கிவிட்டால், அந்த வேளையே கவனம் மிகவும் தேவைப்படும் வேளை. அதுவரை வலி தந்த தூண்டுதலே நோயாளியை விழிப்பாக வைத்திருந்தது. அது நீங்கியதும் மருந்தின் முழு எடையும் மூச்சின்மேல் இறங்குகிறது.

ஒரே மருந்தின் அளவு, செலுத்தும் வழிக்கேற்ப எவ்வளவு மாறுகிறது என்பதை ஒரு தோராயக் கணக்கால் அறியலாம். வாய்வழி 30 மி.கி., சிரைவழி 10 மி.கி., தண்டுவட உறைக்கு வெளியே 1 மி.கி., உறைக்குள் தண்டுவட நீரில் 0.1 மி.கி. ஆகியவை ஏறத்தாழச் சம ஆற்றல் உடையவை. வாய்வழி அளவை அப்படியே சிரைவழிக்கு மாற்றி எழுதினால் மூன்று மடங்கு மிகையாகும். சிரைவழிக்கு உரியதைத் தண்டுவட நீரில் செலுத்தினால் நூறு மடங்கு மிகையாகும். தண்டுவட வழிக்குப் பதப்பொருள் கலவாத மார்ஃபினையே பயன்படுத்த வேண்டும். அவ்வழியில் சென்ற மருந்து தண்டுவட நீரோடு மெல்ல மேலேறி, பல மணி நேரம் கழித்து மூச்சை ஒடுக்கக்கூடும். ஆகையால் 24 மணி நேரக் கண்காணிப்பு பரிந்துரைக்கப்படுகிறது.

மருந்தை மாற்றும்போதும் இதே எச்சரிக்கை தேவை. சிரைவழி 10 மி.கி. மார்ஃபினுக்கு ஏறத்தாழ 1.5 மி.கி. ஐட்ரோமார்ஃபோன் சமம், ஃபென்டனில் எனில் 0.1 மி.கி. போதும். மார்ஃபின், ஐட்ரோமார்ஃபோன் என்ற பெயர்கள் ஒலியிலும் எழுத்திலும் ஒத்திருப்பதால் ஒன்றிற்குப் பதில் மற்றொன்று போடப்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. ஐட்ரோமார்ஃபோன் என்பது மார்ஃபினின் மற்றொரு பெயர் என்று எண்ணியதே சில நேர்வுகளில் காரணமாக இருந்தது.

மூச்சு ஒடுக்கமும் கண்காணிப்பும்

மூச்சு குறைவதற்கு முன் பெரும்பாலும் தூக்கக் கலக்கம் மிகுகிறது. எனவே நோயாளியின் விழிப்பு நிலையே முதல் அடையாளம். பெயர் சொல்லி அழைத்ததும் விழித்து, பேச்சை முடிக்கும்வரை விழித்திருப்பவர் பொதுவாகப் பாதுகாப்பான நிலையில் உள்ளார். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில் உறங்கிவிடுபவருக்கு அடுத்த அளவைக் கொடுக்கக் கூடாது. செவிலியர்கள் பயன்படுத்தும் உறக்கநிலை அளவுகோல்களில் இது எச்சரிக்கைப் படியாகும். எழுப்பவே முடியாத நிலை அவசர நிலை. குறட்டை விட்டு நன்றாக உறங்குவதாக உறவினர் மகிழும் தோற்றம் சில வேளைகளில் அடைபட்ட மூச்சாக இருக்கலாம் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது மெதுவான, ஒழுங்கற்ற மூச்சில் பிழை தரும். நோயாளியைத் தொட்டு எழுப்புமுன் எண்ணுவதும் முக்கியம். எழுப்பியவுடன் மூச்சு விரைவதால் உண்மை நிலை மறைந்துவிடும். நிமிடத்திற்கு 10-க்குக் கீழ் வந்தால் மருத்துவரை அழைப்பதும், 8-க்குக் கீழ் வந்தால் உடனடிச் சிகிச்சை தொடங்குவதும் பல மருத்துவமனைகளின் நடைமுறை. கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்குவது மார்ஃபின் உடலில் இருப்பதன் அடையாளம். எனினும் வழக்கமான அளவிலும் கண்மணி சுருங்கும் என்பதால் அதை மட்டும் கொண்டு மிகையளவு என முடிவு செய்வதில்லை.

விரலில் மாட்டும் ஆக்சிசன் அளவிக்கு ஒரு குறை உண்டு. முகமூடி வழியாகக் கூடுதல் ஆக்சிசன் பெறும் நோயாளியின் மூச்சு பாதியாகக் குறைந்தாலும் அளவி நெடுநேரம் நல்ல எண்ணையே காட்டும். இதற்குள் கரியமில வாயு ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடும். இதனால் ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு வெளிமூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவி பரிந்துரைக்கப்படுகிறது. அக்கருவி இல்லாத இடங்களில் விழிப்பு நிலையைப் பார்ப்பதும் மூச்சை எண்ணுவதுமே துணை.

உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உடையவர், மிகுந்த உடற்பருமன் உடையவர், நாட்பட்ட நுரையீரல் நோயர், முதியோர் ஆகியோரிடம் ஆபத்து கூடுதல். டயசெபம், மிடசோலம் போன்ற உறக்க மருந்துகளும் மதுவும் மார்ஃபினுடன் சேரும்போது மூச்சு ஒடுக்கம் பெருகும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் இச்சேர்க்கைக்கு எதிரான மிக உயர்நிலை எச்சரிக்கையை மருந்துச் சிட்டைகளில் கட்டாயமாக்கியது.

நலோக்சோன்

மார்ஃபினின் முறிமருந்து நலோக்சோன் ஆகும். இது 1961-இல் உருவாக்கப்பட்டு, 1971-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது மியூ ஏற்பியிலிருந்து மார்ஃபினை விலக்கித் தான் அமர்ந்துகொள்கிறது. சிரைவழி கொடுத்தால் ஓரிரு நிமிடங்களில் மூச்சு மீளும். மார்ஃபின் ஊசி போடப்படும் எந்த அறையிலும் நலோக்சோனும், காற்றூட்டும் பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூச்சு நின்றவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று. முறிமருந்தைத் தேடும் நேரத்தில் காற்றூட்டலை நிறுத்தக் கூடாது.

இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவதாக, நலோக்சோனின் வேலை மார்ஃபினுக்கு முன்பே முடிந்துவிடும். விழித்தெழுந்து பேசிய நோயாளி ஒரு மணி நேரத்தில் மீண்டும் மூச்சு ஒடுங்கும் நிலைக்குச் செல்லக்கூடும். ஆகவே எழுந்தவுடன் கண்காணிப்பை விட்டுவிடலாகாது. இரண்டாவதாக, அறுவைக்குப் பிந்தைய நோயாளிக்கு 0.4 மி.கி. முழுவதையும் ஒரேயடியாகக் கொடுத்தால் வலிதணிப்பும் ஒரேயடியாக நீங்கிக் கொடும் வலியும், இரத்த அழுத்த உயர்வும், சிலபோது நுரையீரல் வீக்கமும் உண்டாகலாம். எனவே மூச்சு முற்றிலும் நிற்காத நிலையில் மருந்தை நீர்த்து, 0.04 மி.கி. போன்ற சிறு அளவுகளில் மூச்சு மீளும்வரை மட்டும் கொடுப்பர்.

கருவிகளும் எண் பிழைகளும்

நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்தைப் பெறும் கருவிகள் 1970-களிலிருந்து வழக்கத்துக்கு வந்தன. ஒருமுறை அழுத்தினால் பொதுவாக 1 மி.கி. செல்லும். அதன்பின் 5 முதல் 10 நிமிடங்கள்வரை எத்தனை முறை அழுத்தினாலும் கருவி மருந்து தராது. இக்கருவியின் உண்மையான காப்பு இந்தப் பூட்டு நேரமன்று. உறக்கம் மிகுந்த நோயாளியால் பொத்தானை அழுத்த முடியாது என்பதே காப்பு. அன்பினால் உறவினரோ செவிலியரோ அவருக்காக அழுத்தினால் அந்தக் காப்பு தகர்ந்துவிடும். இதனால் நேர்ந்த இறப்புகளையும் பாதிப்புகளையும் சுட்டிக்காட்டி அமெரிக்காவின் மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பான கூட்டு ஆணையம் 2004 திசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. கருவியில் செறிவைத் தவறாகப் பதிவதும் கொடிய பிழை. ஒரு மி.லி.யில் 5 மி.கி. உள்ள கரைசலை வைத்துவிட்டு 0.5 மி.கி. எனப் பதிந்தால், கருவி ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு மருந்தைச் செலுத்திக்கொண்டே சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் நோய்த்தணிப்பு இல்லங்களிலும் விழுங்க இயலாத நோயாளிகளுக்குத் தோலடி ஊசியுடன் இணைத்த சிறு சிரிஞ்சு இயக்கி பயன்படுகிறது. மருந்துப் பாதுகாப்பு பற்றிய பாடங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நேர்வு இவ்வகைக் கருவியினுடையது. பிரித்தானியாவில் நெடுங்காலம் வழங்கிய கிரேசுபி இயக்கியில் இரு வகைகள் இருந்தன. நீல நிற எம்எஸ் 16-ஏ வகையில் வேகம் மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும், பச்சை நிற எம்எஸ் 26 வகையில் 24 மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் பதிய வேண்டும். சிரிஞ்சில் 48 மில்லிமீட்டர் நீளம் மருந்து நிரப்பி ஒரு நாள் முழுவதும் செலுத்த வேண்டுமானால், பச்சைக் கருவியில் 48 என்றும் நீலக் கருவியில் 2 என்றும் பதிய வேண்டும். நீலக் கருவியில் 48 எனப் பதிந்தால் ஒரு நாளுக்குரிய மருந்து ஒரே மணி நேரத்தில் உட்சென்றுவிடும். உருவில் ஒத்த இரு கருவிகளின் வேறுபாட்டைச் செவிலியரின் நினைவாற்றலிடம் விட்டது கருவி அமைப்பின் குறையே ஆகும். இங்கிலாந்தின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2010-இல் இவற்றைப் படிப்படியாக நீக்கி, மணிக்கு இத்தனை மி.லி. எனக் காட்டும் கருவிகளுக்கு மாறுமாறு பணித்தது.

அதே முகமை 2006 மே மாதத்தில் வேறொரு பிழை பற்றி எச்சரித்திருந்தது. 10 மி.கி. ஆம்பியூலும் 30 மி.கி. ஆம்பியூலும் தோற்றத்தில் ஒத்து, ஒரே அலமாரியில் இருந்தமையால் மாற்றி எடுக்கப்பட்டு நோயாளிகள் இறந்திருந்தனர். உயர் செறிவு ஆம்பியூல்களைத் தனியே வைப்பது, நலோக்சோன் இருப்பை உறுதி செய்வது ஆகியவை அறிவுறுத்தப்பட்டன.

எழுத்துப் பிழைகளும் இவ்வகையினவே. 5.0 என எழுதியதில் புள்ளி தெரியாவிடில் 50 ஆகும்; .5 என்பது 5 ஆகும். எனவே முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடாமலும், பின்னத்துக்கு முன் சுழியை விடாமலும் எழுத வேண்டும். மார்ஃபின் சல்பேட்டை எம்எஸ் எனச் சுருக்கி எழுதுவதைக் கூட்டு ஆணையம் தன் விலக்குப் பட்டியலில் சேர்த்துள்ளது. அச்சுருக்கம் மக்னீசியம் சல்பேட்டையும் குறிக்கக்கூடும். மருந்தை எடுப்பவர் ஒருவரும் சரிபார்ப்பவர் ஒருவருமாக இருவர் தனித்தனியே கணக்கிடும் முறை பல நாடுகளில் உள்ளது. முதலாமவர் விடையைச் சொல்லிவிட்டு "சரிதானே" என்று கேட்பது சரிபார்ப்பாகாது.

பிற பக்கவிளைவுகள்

குமட்டல், வாந்தி, அரிப்பு, சிறுநீர் அடைப்பு ஆகியவை பொதுவானவை. ஊசி போட்ட சிரையின் வழியே தோல் சிவந்து அரிப்பது பெரும்பாலும் இசுட்டமின் வெளிப்படுவதால் நேர்வது. அதை ஒவ்வாமை எனப் பதிந்துவிட்டால் பிற்காலத்தில் தேவைப்படும்போது மருந்து மறுக்கப்படும். மற்ற விளைவுகள் நாளடைவில் குறைந்தாலும் மலச்சிக்கல் குறைவதில்லை. தொடர்ந்து மார்ஃபின் பெறுபவருக்கு மலமிளக்கியும் உடன் தரப்பட வேண்டும்.

அடிமைநிலை, சார்பு, பழகிப்போதல்

இம்மூன்றும் வேறுவேறு. அதே விளைவுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது பழகிப்போதல். மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல்வலி, பதற்றம் ஆகியன தோன்றுவது உடற்சார்பு. சில வாரங்கள் தொடர்ந்து பெறும் எவருக்கும் இது ஏற்படக்கூடியது. அளவைப் படிப்படியாகக் குறைத்து இதனைத் தவிர்க்கலாம். தீங்கு எனத் தெரிந்தும் கட்டுப்பாடின்றி மருந்தை நாடுவதே அடிமைநிலை. அறுவைக்குப் பின் ஓரிரு நாள் ஊசி பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்நிலையை அடைவதில்லை. எனினும் அபாயம் இல்லையென்று கூறிவிட முடியாது. முன்பு போதைப்பொருள் பழக்கம் இருந்தவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. அதற்காக அவர்களது வலியைப் புறக்கணிப்பது முறையன்று. பழகிப்போதலில் மற்றோர் ஆபத்தும் உண்டு. சில வாரங்கள் மருந்தின்றி இருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் அது உயிருக்கு இறுதியாகலாம்.

திருட்டும் முறைகேடும்

மார்ஃபின் இரட்டைப் பூட்டு அலமாரியில் வைக்கப்பட்டு, ஒவ்வோர் ஆம்பியூலும் பதிவேட்டில் கணக்கு வைக்கப்படுகிறது. 10 மி.கி. ஆம்பியூலில் 4 மி.கி. மட்டும் பயன்படுத்தினால் எஞ்சிய 6 மி.கி. சாட்சியின் முன் அழிக்கப்பட்டு இருவரும் கையொப்பமிட வேண்டும். இது வெறும் அலுவலக வழக்கம் அன்று. அமெரிக்காவின் நியூ ஆம்ப்சயர் மாநிலத்தில் எக்சிட்டர் மருத்துவமனையில் ஊழியர் ஒருவர் ஃபென்டனில் சிரிஞ்சுகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அவற்றில் உப்புநீர் நிரப்பித் திரும்ப வைத்தது 2012-இல் வெளிப்பட்டது. அவருக்கிருந்த கல்லீரல் அழற்சி-சி 30-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் தொற்றியது.

வேறு வகையான தீங்கு இங்கிலாந்தின் கோசுபோர்ட் போர் நினைவு மருத்துவமனையில் நிகழ்ந்தது. 1989 முதல் 2000 வரை அங்கு மருத்துவக் காரணமின்றி அபினி வகை மருந்துகள் கொடுக்கப்பட்டதால் 456 பேரின் வாழ்நாள் குறுக்கப்பட்டது என்று தன்னாட்சி விசாரணைக் குழு 2018 சூனில் அறிக்கை அளித்தது. சிரிஞ்சு இயக்கியில் உயர் அளவுகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. கவலை தெரிவித்த செவிலியர்களின் குரல் 1991-இலேயே எழுந்தும் செவிமடுக்கப்படவில்லை.

இந்தியாவில் சட்டமும் கிடைக்கும் நிலையும்

மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் கசகசாச் செடியைப் பயிரிடுகின்றனர். காசிப்பூர், நீமுச் ஆகிய இடங்களில் அரசின் அபின் மற்றும் காரப்போலி ஆலைகள் உள்ளன. மார்ஃபினின் மூலப்பொருள் விளையும் நாட்டிலேயே நோயாளிகளுக்கு அது கிட்டாத நிலை நெடுங்காலம் இருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை விதித்தது. பல உரிமங்களைப் பெறும் சிக்கலும் தண்டனை அச்சமும் சேர்ந்து, மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளக் கற்காமலே பட்டம் பெற்றனர்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம், வாய்வழி மார்ஃபினை வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கும் பாதுகாப்பாகத் தர முடியும் என்று காட்டியது. உலக சுகாதார அமைப்பு 1986-இல் வகுத்த புற்றுநோய் வலிதணிப்பு முறையும், விழுங்க இயலும் நோயாளிக்கு வாய்வழியே முதல் தேர்வு என்கிறது. 2014-இல் மேற்கண்ட சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்டவை இன்றியமையாப் போதைமருந்துகள் என்ற தனிப் பிரிவில் வந்தன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியின்கீழ் அவற்றை வாங்கி வைக்க 2015-இல் வகுத்த விதிகள் வழிசெய்தன. எனினும் உலகளவில் வேறுபாடு மிகப் பெரியது. லான்செட் இதழின் ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டுதோறும் உலகில் வழங்கப்பட்ட மார்ஃபினுக்கு இணையான 298.5 டன் அபினி வகை மருந்துகளில் 0.1 டன் மட்டுமே குறைந்த வருமான நாடுகளைச் சென்றடைந்தது. இந்தியாவில் தேவையின் 4 விழுக்காடே நிறைவு செய்யப்பட்டதாக அவ்வறிக்கை கணித்தது.